வேலைநிறுத்தத்திற்கு முன் 18 நாட்கள்

கேள்வி: நான் கொங்கு மண்டலத்தில் உள்ள ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிர்த்தொழில்நுட்பவியல் பேராசிரியர். இந்த ஆண்டு மாணவர் நல முதன்மையர் பொறுப்பையும் கவனித்து வருகிறேன். எங்கள் ஆசிரியரல்லாத பணியாளர் சங்கம், நிலுவையில் உள்ள பதவி உயர்வு, தொகுப்பூதியப் பணியாளர்களின் பணி நிரந்தரம் ஆகிய கோரிக்கைகளை முன்வைத்து, இன்னும் 18 நாட்களில் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று நேற்று முன்தினம் பதிவாளரிடம் அறிவிப்புக் கொடுத்திருக்கிறது. அது தொடங்கிய நான்காம் நாள் செமஸ்டர் தேர்வு. முன்னேற்பாட்டுக் குழுவுக்கு என்னைத் தலைவராக நியமித்துவிட்டார்கள். மாணவர்களுக்கு என்ன சொல்வது, எப்போது சொல்வது? ஆராய்ச்சி மாணவர்களைக் கொண்டு அலுவலகத்தையும் விடுதியையும் நடத்திக்கொள்ளலாம் என்று சில துறைத்தலைவர்கள் சொல்கிறார்கள், அது சரியா? சங்கச் செயலாளர் என் ஆய்வகத்தில் 20 ஆண்டுகளாக இருக்கும் மூத்த உதவியாளர். அவரை அண்ணா என்றுதான் அழைப்பேன். இனி அவரிடம் எப்படிப் பேசுவது என்றே தெரியவில்லை.

பதில்: நேரம் குறைவு என்பதால் இந்தப் பதிலை முதலில் தங்களுக்கு அனுப்பிவிட்டேன், இதே நிலையில் இருக்கும் பிறருக்கும் உதவக்கூடும் என்பதால் தங்கள் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் நீக்கி இங்கே வெளியிடுகிறேன். தொழிலாளர் துறையில் சமரச அலுவலராகக் கோவையிலும் சேலத்திலும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மேசையின் இரு பக்கமும் கோபமாக இருப்பவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தே என் பணிக்காலம் கழிந்தது. கோரிக்கை நியாயமா, பணம் எங்கிருந்து வரும் என்பதையெல்லாம் பதிவாளரும் ஆட்சிக்குழுவும் அரசும் சங்கத்தோடு பேசித் தீர்க்கட்டும். தங்கள் குழு அதற்குள் நுழைய வேண்டாம். அந்தப் பேச்சு எத்தனை நாள் இழுத்தாலும் விடுதியில் தண்ணீர் வர வேண்டும், எந்த மாணவியின் தேர்வும் பாழாகக் கூடாது, எல்லாம் முடிந்து அனைவரும் வேலைக்குத் திரும்பும் நாளில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடிய வேண்டும். தங்களிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பது இவ்வளவுதான். மூன்றாவதை மறந்து முதல் இரண்டையும் சாதித்த நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே பல ஆண்டுகள் கழித்தும் ஒரு கோப்பு இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு நகர ஒரு வாரம் ஆயிற்று.

இன்றே செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டத்துக்கு மாற்றாக, தொழிலுறவுகள் சட்டத்தொகுப்பு, 2020, கடந்த 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. வேலைநிறுத்த அறிவிப்பைப் பெற்ற நிறுவனம் 5 நாட்களுக்குள் அரசுக்கும் சமரச அலுவலருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பழைய சட்டத்திலும் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு இந்த விதி இருந்தது. ஆனால் அறிவிப்பின் ஓரத்தில் ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதிக் கோப்பில் கட்டிவைத்து, அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்துக்குக் காத்திருப்பதே நம் அலுவலக வழக்கம். தங்களுக்கு இரண்டு நாள் கழிந்துவிட்டது. அறிவிப்புக் கொடுத்த 14 நாட்களுக்குள் நிறுத்தம் தொடங்கக் கூடாது. 60 நாட்களைத் தாண்டினால் அந்த அறிவிப்பு செல்லாது. சமரசப் பேச்சு நடக்கும் காலத்திலும் அது முடிந்து 7 நாட்கள் வரையிலும் தொடங்கக் கூடாது. சமரச அலுவலர் முதல் அமர்வை நடத்தும் நாளே பேச்சு தொடங்கிய நாளாகக் கொள்ளப்படும் என்பதால், இன்று கடிதம் போனால் தேர்வுக்கு முன்பே இரு தரப்பும் ஒரு மேசையில் உட்கார வழி பிறக்கும். இதைத் தேதியைத் தள்ளிப்போடும் தந்திரமாக மட்டும் கையாண்டால் சங்கம் அதைப் புரிந்துகொள்ளும். அடுத்த அறிவிப்பு விடைத்தாள் திருத்தும் நேரம் பார்த்து வரும். மொத்தப் பணியாளர்களில் 50 விழுக்காட்டினரோ அதற்கு மேலோ ஒரே நாளில் பேசி வைத்துத் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே என்று புதிய சட்டம் சொல்கிறது. எனவே அதற்கும் ஆயத்தமாக இருங்கள்.

பல்கலைக்கழகம் ஒரு தொழிலகமா, இந்தச் சட்டம் அதற்குப் பொருந்துமா என்ற கேள்வி குழுக் கூட்டத்தில் எழும். 1963இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பேருந்து ஓட்டுநர்கள் தொடர்பான வழக்கில் இல்லை என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வில் அதை மாற்றிக் கல்வி நிறுவனமும் தொழிலகமே என்றது. ஆசிரியர் தொழிலாளர் ஆகமாட்டார் என்று 1988இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. நிரந்தரப் பணியாளர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் பணி விதிகளும் உண்டு. ஒப்பந்தத்தில் வரும் தூய்மைப் பணியாளர்களுக்கும் காவலர்களுக்கும் சம்பளம் போடுபவரே வேறு ஆள். யாருக்கு எந்த விதி என்று சட்ட ஆலோசகரிடம் எழுத்தில் வாங்கிவிட்டு அத்துடன் அந்தப் பேச்சை நிறுத்திவிடுங்கள். அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்ற 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பை யாராவது ஒரு துறைத்தலைவர் நிச்சயம் எடுத்துப் போடுவார். அந்த ஆண்டு ஜூலையில் தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டதும், பிறகு அவர்களில் பெரும்பாலோர் அதே நாற்காலிக்குத் திரும்பி வந்ததும் அவருக்கு நினைவிருக்கட்டும். நம் பகுதியில் மிரட்டல் சுற்றறிக்கை எடுபடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1946 ஜனவரி 8இல் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் ஆலைத் தொழிலாளர் நால்வரை இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூரும் ஊர் இது. பஞ்சப்படிக்காக 1984இல் 127 நாட்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகள் நின்றபோது கடனுக்கு அரிசி வாங்கிய வீடுகளின் பேரப்பிள்ளைகள் தங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஸ்ட்ரைக் என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது கணக்கெடுப்பு. ‘வேலைநிறுத்தத்தால் தங்கள் துறையில் என்ன பாதிப்பு?’ என்று துறைவாரியாகக் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினால், பாதிப்பு ஏதும் இராது என்று எல்லாத் துறையிலிருந்தும் பதில் வந்து சேரும். எந்த வேலை எவர் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். 1990களில் ஒரு கல்வி வளாகத்துக்குச் சமரசப் பேச்சுக்காகப் போயிருந்தேன். அங்கே மேல்நிலைத் தொட்டியிலிருந்து விடுதிகளுக்குப் போகும் குழாய்களில் 11 வால்வுகள். எதை எத்தனை மணிக்கு எத்தனை சுற்றுத் திறக்க வேண்டும் என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும், வரைபடம் கிடையாது. நிறுத்தத்தின் முதல் நாள் நிர்வாகம் வெளியிலிருந்து ஒரு பிளம்பரை அழைத்து வந்தது. அவர் நல்ல வேலைக்காரர்தான், ஆனால் கழிவுக்குழாயின் வால்வைத் திறந்துவிட்டுப் போய்விட்டார். விடியும்போது தொட்டி காலி. பெண்கள் விடுதியில் ஒன்றரை நாள் தண்ணீர் இல்லை. கடைசியில் வாயிற்கூட்டத்தில் நின்றிருந்த அந்த வால்வுக்காரரிடமே போய் நின்றார்கள். அவர் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடியே, ‘வேப்பமரத்துக்கு மேக்கால ரெண்டாவதுங்க சார், ஒன்றரைச் சுத்து போதுமுங்க, அதுக்கு மேல போனா வாஷர் வந்துரும்’ என்று சொல்லிக்கொடுத்தார். கோரிக்கையும் கெடவில்லை, தண்ணீரும் வந்தது. அந்தச் சொல்லை முதல் நாளுக்கு முன்பே கேட்டிருக்கலாம்.

ஆகவே குழு உறுப்பினர் இருவர் இரண்டு நாட்கள், காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை, குறிப்பேட்டுடன் வளாகத்தைச் சுற்றி வரட்டும். மோட்டார் போடுபவர், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுபவர், மருத்துவ மையத்தின் செவிலியர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், விலங்கு இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமையும் எலிக்குத் தீனி வைப்பவர், திரவ நைட்ரஜன் குடுவைகளில் அளவு பார்த்து நிரப்புபவர், சமையல் எரிவாயு இணைப்பை மாற்றுபவர், விடுதிக் குப்பையை வாங்கிப் போகும் வண்டிக்குக் கதவு திறப்பவர் என்று பெயரும் நேரமும் சாவி இருக்கும் இடமும் எழுதப்பட வேண்டும். தங்கள் வளாகம் மலையடிவாரத்தை ஒட்டியது என்றால், இரவுக் காவலர் செய்யும் ஒரு வேலை எந்தப் பணி விளக்கத்திலும் இருக்காது: யானை இறங்கினால் வனத்துறைக்கும் விடுதிக்கும் தகவல் சொல்பவர் அவர்தான். மெஸ் கழிவு இரண்டு நாள் தேங்கினால் யானையும் காட்டுப்பன்றியும் வரும் வாய்ப்பு கூடும். குப்பையும் காவலும் ஒரே நாளில் நிற்பதால் வரும் ஆபத்தை மேசையில் உட்கார்ந்து யோசிப்பவருக்குத் தோன்றாது.

பட்டியல் கைக்கு வந்ததும் அதில் உயிருக்கும் உடல்நலத்துக்கும் மீட்க முடியாத இழப்புக்கும் நேர்த்தொடர்புள்ள வேலைகளை மட்டும் தனியே பிரித்து, அவற்றுக்கு விலக்கு அளிக்குமாறு சங்கத்திடம் எழுத்தில் கேளுங்கள். எழுபது பேரைக் கேட்டால் ஒருவரும் கிடைக்கமாட்டார். பத்துப் பன்னிரண்டு பேரைக் காரணத்தோடு கேட்டால், நான் பார்த்த அளவில், சங்கம் மறுப்பது அரிது. யார் என்பதைச் சங்கமே முடிவு செய்யட்டும்; முறை வைத்து ஆளை மாற்றிக்கொள்ளும் உரிமையும் அவர்களுக்கே இருக்கட்டும். விலக்குப் பெற்றவருக்குச் சங்கமும் பதிவாளரும் சேர்ந்து கையெழுத்திட்ட அட்டை ஒன்று கொடுங்கள். இல்லையேல் வாயிலில் கூடியிருப்பவர்கள் அவரைக் கருங்காலி என்று நினைத்துவிடுவார்கள், அந்தப் பெயர் பிறகு எளிதில் போகாது. விலக்கு வேலைக்கு வந்தவரிடம் ‘அப்படியே இந்தக் கோப்பையும் பார்த்துவிடுங்கள்’ என்று யாரும் சொல்லக் கூடாது. இந்த ஒரு வாக்கியத்தால் முறிந்த உடன்பாடுகள் உண்டு.

தேர்வைப் பற்றி ஒரே ஒரு முறை முடிவெடுங்கள். தேர்வுப் பிரிவில் வினாத்தாள் அறையின் சாவியும் விடைத்தாள் கட்டுகளின் கணக்கும் பல ஆண்டுகளாக அங்கேயே இருப்பவர்கள் கையில் இருக்கின்றன. அவசரத்துக்கு வேறு ஆளிடம் ஒப்படைத்துப் பின்னால் ஒரு கட்டு குறைந்தால் அதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. நிறுத்தம் தொடங்குவதற்கு 6 நாட்களுக்கு முன் சமரசப் பேச்சு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, உடன்பாடு தென்படவில்லையென்றால் முதல் வாரத் தேர்வுகள் முழுவதையும் குறிப்பிட்ட ஒரு தேதிக்குத் தள்ளி அறிவித்துவிடலாம். நாளுக்கு ஒரு தாளாகத் தள்ளிக்கொண்டே போவதுதான் மாணவர்களை வதைப்பது. தாளவாடியிலிருந்து வரும் மாணவியை நினைத்துப் பாருங்கள். அவள் ஊருக்கு ஏறிப் போக வேண்டிய திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. மாலை 6 மணிக்கு ‘நாளைய தேர்வு ஒத்திவைப்பு’ என்று செய்தி போட்டால், அறையைக் காலி செய்துவிட்டுப் பேருந்து நிலையத்தில் நிற்கும் அவள் எங்கே தங்குவாள்? 40 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போக வேண்டிய வால்பாறை மாணவனுக்கும் இதே சங்கடம்தான்.

மாணவர்களுக்கு எப்போது சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். இப்போதே சொல்லுங்கள். கோரிக்கை அட்டை அணிவது, மதிய இடைவேளை ஆர்ப்பாட்டம், வாயிற்கூட்டம் என்று படிப்படியாக எல்லாம் அவர்கள் கண் முன்னேதான் நடந்திருக்கும். அவர்களுக்குத் தெரியாதது தங்கள் தேர்வும் சாப்பாடும் என்னாகும் என்பது மட்டுமே. அதைப் பல்கலைக்கழகம் சொல்லாவிட்டால் வாட்ஸ்அப் குழுக்கள் சொல்லும். ஒரு பக்கத்துக்கு மிகாத அறிவிப்பு போதும், தமிழில் எழுதுங்கள், பதிவாளர் கையெழுத்திடட்டும். ஏறக்குறைய இப்படி அமையலாம்:

‘ஆசிரியரல்லாத பணியாளர் சங்கம் இன்ன தேதி முதல் வேலைநிறுத்தம் அறிவித்துள்ளது. பேச்சுவார்த்தை நடைபெற்று வருகிறது. வகுப்புகள் வழக்கம்போல் நடைபெறும். தேர்வு பற்றிய முடிவு இன்ன நாள் மாலை 4 மணிக்குள் அறிவிக்கப்படும். அதுவரை வரும் பிற செய்திகளை நம்ப வேண்டாம். விடுதியில் தண்ணீர், உணவு, மருத்துவ உதவி தொடரும். உணவு வகை சுருங்கலாம். படிப்புச் சான்று, மதிப்பெண் சான்று, கல்விக்கடன் கடிதம், உதவித்தொகைப் படிவம் ஆகியவை தேவைப்படுவோர் இன்ன தேதிக்குள் விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளுங்கள். வளாகத்தில் கூடும் பணியாளர்களிடம் வழக்கமான மரியாதையுடன் நடந்துகொள்ளுங்கள். ஐயங்களுக்கு மாணவர் நல அலுவலகத்தை அணுகலாம்.’

கோரிக்கை சரியென்றோ தவறென்றோ அதில் ஒரு சொல்லும் வரக் கூடாது. ‘மாணவர் நலனைப் பணயம் வைத்து’ என்று எழுதப் பதிவாளர் அலுவலகத்தில் ஒருவர் முனைவார். அந்தத் தொடரை அடித்துவிடுங்கள். அறிவிப்பில் உள்ள சான்றிதழ் வரியை மட்டும் இரண்டு மடங்கு கவனத்தோடு நிறைவேற்றுங்கள். வளாக நேர்காணலில் தேறி, வேலையில் சேர மதிப்பெண் பட்டியல் கேட்கப்பட்டிருக்கும் இறுதியாண்டு மாணவருக்கு, வேலைநிறுத்தம் என்பது நின்றுபோன அந்த ஒரு தாள்தான். நிறுத்தத்துக்கு முந்தைய பத்து நாட்களில் அந்தப் பிரிவில் விண்ணப்பங்கள் குவியும். மிகைநேரம் உட்கார்ந்து முடித்துக்கொடுக்க அதே பணியாளர்களே முன்வருவதையும் பார்த்திருக்கிறேன், அவர்கள் பிள்ளைகளும் எங்கோ படிக்கிறார்கள் அல்லவா.

இனி ஆராய்ச்சி மாணவர்கள். அலுவலகத்திலோ விடுதியிலோ பணியாளர்களின் வேலையை அவர்களைக் கொண்டு செய்விப்பது தவறு. துறைத்தலைவர்களிடம் இதை அழுத்தமாகச் சொல்லுங்கள். சட்டவிரோதமல்லாத வேலைநிறுத்தத்தின்போது அந்த இடத்துக்குப் புதிதாக ஆளெடுப்பது முறையற்ற தொழிலாளர் நடைமுறைகளில் ஒன்றாகச் சட்டத்தில் இருக்கிறது. சம்பளமில்லாமல் மாணவரை உட்காரவைத்தால் அதிலிருந்து தப்பிவிடலாம் என்று நினைப்பது அசட்டுத்தனம். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டிய வழிகாட்டி ‘கொஞ்சம் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளப்பா’ என்றால் அந்த மாணவர் எப்படி மறுப்பார்? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2022 நவம்பர் 14 முதல் டிசம்பர் 23 வரை 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆராய்ச்சி மாணவர்களும் அதில் பெருந்தொகையினர், அங்கே அவர்கள் சங்கம் வைத்த பணியாளர்கள். இங்கே நம் மாணவருக்குச் சங்கமும் இல்லை, மறுக்க வாயும் இல்லை. தங்கள் சொந்த மாதிரிகளையும் வளர்ப்புகளையும் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அது அவர்கள் வேலை. ஆட்டோகிளேவ், வாயு உருளை போன்றவற்றைப் பழக்கமில்லாதவர் தொட வேண்டாம். புதிய சோதனைகளை அந்த வாரத்தில் தொடங்காமலிருப்பது நல்லது.

விடுதியில் மாணவர்கள் தங்கள் தட்டைக் கழுவிக்கொள்வதையும் பரிமாறிக்கொள்வதையும் யாரும் குறை சொல்லப் போவதில்லை. சமையலுக்குச் சங்கம் இரண்டு பேரை விட்டுக்கொடுத்தால், மூன்று வேளையும் வழக்கமான பட்டியலைக் கேட்டு அவர்களை வாட்டாமல், அரிசியும் பருப்பும் சோறு, ஊறுகாய், மோர் என்று ஒரே அண்டாவில் முடித்துக்கொள்ளலாம். நம் பக்கத்துப் பிள்ளைகள் அதற்கு முகம் சுளிக்கமாட்டார்கள்.

ஆசிரியர்களில் சிலர் வாயிற்கூட்டத்துக்குப் போவார்கள், மாணவர்களில் சிலர் துணைக்கு நிற்பார்கள். வகுப்பு நேரத்துக்கு வெளியே அது அவரவர் விருப்பம். பெயர் குறித்துக்கொள்வது, படம் எடுத்து வைப்பது, பெற்றோரை அழைப்பது எதுவும் வேண்டாம். வகுப்பில் எந்தப் பக்கமும் பேசக் கூடாது என்று மட்டும் ஆசிரியர்களுக்குச் சொல்லுங்கள். ‘நீ வருவாயா, மாட்டாயா?’ என்று பணியாளர்களைத் தனித்தனியே கூப்பிட்டுக் கேட்கும் பழக்கத்தையும் துறைத்தலைவர்கள் விட வேண்டும். ஒருவரும் வரமாட்டார் என்று வைத்துத் திட்டமிட்டால் அந்தக் கேள்விக்கே தேவையில்லை. ஊதியப் பிடித்தம் பற்றி இப்போது யாரும் பேச வேண்டாம். அது பேச்சுவார்த்தை மேசையில் முடிவாகும் விஷயம். முடிந்த பிறகு வேலைக்கு வந்தவர்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் தரலாம் என்ற யோசனை எங்கிருந்தாவது வரும். அதை முளையிலேயே கிள்ளிவிடுங்கள்.

தங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில் மிகச் சிறியது. அண்ணா என்றே தொடர்ந்து அழையுங்கள். சங்கத்தோடு பேச வேண்டியதைக் குழுத் தலைவராக, எழுத்தில், அலுவலக அறையில் பேசுங்கள். ஆய்வகத்தில் கோரிக்கை பற்றி நீங்களும் எடுக்க வேண்டாம், அவர் எடுத்தால் ‘அதைப் பதிவாளர் கூட்டத்தில் பேசிக்கலாங்கண்ணா’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். அவருக்கும் இதே தர்மசங்கடம் இருக்கும். நிறுத்தத்தின் முதல் நாள் காலை காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டைக் கடக்காமல், இறங்கி வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். அதற்கு முன், நாளைக் காலை ஆய்வகத்தில் அவரைப் பார்க்கும்போது, கழித்தல் 80 பாகை உறைபெட்டியில் வெப்பம் ஏறினால் எச்சரிக்கைச் செய்தி இப்போது யாருடைய கைபேசிக்குப் போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவருடைய எண்ணாகத்தான் இருக்கும், அதோடு தங்கள் எண்ணையும் சேர்த்துத் தருமாறு அவரிடமே சொல்லுங்கள்.